கதவில் எழுதிய பத்துத் தொன்

லொறிக் கதவில் எழுதியிருக்கும் எண்ணை நீங்கள் யாராவது நின்று வாசித்ததுண்டா? முழங்கால் வலியும் மறதியுமாக என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். இரண்டு வரி இருக்கும். வெறும் லொறியின் எடை ஒன்று. லொறியும் பாரமும் சேர்ந்து இவ்வளவுதான் போகலாம் என்பது மற்றது. கதவைத் திறந்து ஏறுகிற டிரைவர்கூட அதைப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். வீதியோரம் நிற்கிற எந்த லொறியையும் சும்மா விடமாட்டேன். மகள் கையைப் பிடித்து இழுப்பாள். "அம்மா, சனம் பாக்குது, வாங்கோ" என்பாள். சனம் பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த எண்களோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, இன்னும் தீரவில்லை.

எங்கள் லொறி இங்கிலாந்தில் செய்தது. நீண்ட மூக்கு, உருண்ட இரண்டு விளக்கு, தோல் வெடித்த ஆசனம். வெயிலில் நின்றால் உள்ளே சூடான எண்ணெயும் பழைய தோலும் கலந்த ஒரு மணம் வரும். கண்ணாடியை இறக்குகிற பிடி கழன்று போனதால் அப்பா அதற்கு ஒரு குறட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அது உழைத்து ஓய்ந்த பிறகு அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்தார். மலையில் ஏறி இறங்கிய வண்டி, மேடு பள்ளம் ஒன்றுமில்லாத எங்கள் மண்ணில் வந்து நின்றது. "எங்கட வீதிக்கு இதுக்கு ரெண்டு கியர் காணும், மிச்சம் சும்மா கிடக்குது" என்று பெருமையாகச் சொல்வார்.

லொறிகளைப் பற்றி அப்பா பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். "இங்கிலாந்துக்காரன் இரும்பை அள்ளிப் போட்டுச் செய்தவன். இந்தியாக்காரன்ர லொறியும் பரவாயில்லை, ஆனா கியர் மாத்தத் தோள் கழண்டு போகும். யப்பான்காரன் என்ன செய்யிறான்? தகரத்தை மடிச்சுப் பெயின்ட் அடிச்சு அனுப்புறான்" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர் யப்பான் லொறி வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் லொறி வைத்திருப்பவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூன்று தொன்காரர், ஐந்து தொன்காரர் என்றுதான் சொல்வார்கள். கோயிலில் வாகனப் பூசைக்கு லொறிகளை வரிசையாக விடும்போது தொன் கூடியது முன்னுக்கு நிற்கும். ஐயர் முதலாவது லொறியின் மூக்குக்குத் தாராளமாகச் சந்தனம் பூசுவார். வால்பக்கம் நிற்கிற லொறிக்குச் சந்தனம் போய்ச் சேருமோ என்பதே சந்தேகம். எங்கள் லொறி பாரத்தோடு சேர்த்து ஆறு தொன். நடுவில்தான் நின்றது. நடுவில் நிற்பதற்காகவா அப்பா மலைநாடு வரை போய் லொறி வாங்கினார்?

எங்கள் தீவிலிருந்து பாலம் கடந்தால் வருகிற பெருநிலத்தில் ஒரு நெல் மில் இருந்தது. மில் முதலாளி பெரிய லொறிகளுக்குத்தான் நெல் ஏற்றக் கொடுப்பார் என்று ஒரு பேச்சு வந்தது. அப்பா லொறிக்கு அடியில் பாரம் தாங்குகிற வில்லுக்கு ஒரு தகடு கூட்டிப் போட்டார். பக்கப் பலகையை ஓர் அடி உயர்த்தினார். அதற்குப் பிறகு எழுத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கதவில் இருந்த இரண்டு வரியையும் அழிக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஓர் எண்ணை என் கை நீளத்துக்கு எழுதுவித்தார். 10 தொன். வெள்ளை எழுத்து, சுற்றிவரச் சிவப்புக் கரை. லொறி அன்று காலை என்ன எடை இருந்ததோ மாலையிலும் அதே எடைதான். ஆனால் அடுத்த வாகனப் பூசையில் முன்னுக்கு நின்றது. மில்லும் கூப்பிட்டது. அப்பாவையும் பத்துத் தொன்காரர் என்று கூப்பிட்டார்கள். அவர் நடக்கிற நடையே மாறிப்போனது.

நாங்கள் தீவில், உப்பளத்துக்குப் போகிற வீதியில் இருந்தோம். அப்பாவின் சொந்த ஊர் கடலுக்கு அங்கால், பெருநிலத்துப் பாப்பாமோட்டை. அங்கே தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் மாமி தனியே இருந்தார். மாமி அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் முடித்துக் கொஞ்சக் காலத்தில் வயலில் பாம்பு கடித்துக் கணவர் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. மாமிக்குச் சோறு போட்டது அவருடைய தையல் மிஷின்.

கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூக்கொடி ஓடுகிற கால் மிஷின் அது. கீழே வார்ப்பிரும்புக் கால்கள், அகலமான மிதி, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம். வலது பக்கத்தில் இழுத்தெடுக்கிற ஒரு சின்ன லாச்சி. அதற்குள் நூல் சுற்றிய உருளைகள், முறிந்த ஊசிகள், கலர் கலராகப் பொத்தான்கள். விடுமுறைக்குப் போனால் அந்த லாச்சியைக் கவிழ்த்துக்கொட்டித் திரும்ப அடுக்குவதுதான் என் வேலை. அறுவடை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் சீத்தைத் துணியைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். மாமி வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே கதைப்பார், மிதித்துக்கொண்டே சிரிப்பார். "எங்கட குடும்பத்தில ரெண்டு மிஷின், பிள்ளை. கொப்பாட மிஷின் புகை விடும். என்ரது உலை வைக்கும்" என்று அப்பாவுக்கு முன்னாலேயே என்னிடம் சொல்வார். அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். தங்கை என்றால் அவருக்கு உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்பில்லாத மனிதர் என்றால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது.

நாட்டில் சண்டை வந்தது. தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் உடைந்தபோது எங்கள் லொறி தீவுப்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. பத்துத் தொன்னுக்குத் தீவில் என்ன வேலை? எப்போதாவது உப்பு, எப்போதாவது தண்ணீர்ப் பீப்பா. மற்ற நாளெல்லாம் வேலியோரம் நின்றது. அம்மா அதன் மேல் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போட்டார். மத்தியான வெயிலில் ஊர்க் கழுதைகள் அதன் அடியில் வந்து படுத்துக்கொண்டன. அப்பா கல்லெறிந்து துரத்துவார். துரத்திய கழுதைகள் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் வந்து படுக்கும்.

கொஞ்சக் காலத்தில் ஆமிக்காரர்கள் உடைந்த இடத்தில் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். பலகை அடித்த தளம், பக்கத்தில் இரும்புச் சட்டம். வாகனம் போனால் தகரக் கொட்டகையில் மழை விழுவதுபோலச் சத்தம் கேட்கும். பாலத்து வாயிலில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றி. சென்றிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் 8 என்று ஓர் எண். எட்டுத் தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் ஏறக் கூடாது.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால்தான் மாமியிடமிருந்து சொல் வந்தது. அயலில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு சனம் போகிறது, ஷெல் சத்தம் கிட்டக் கேட்கிறது, நானும் வாறன் என்று சொல்லிவிட்டிருந்தார். ஆனால் மிஷின் இல்லாமல் வரமாட்டார். "வெறுங்கையோட வந்து அண்ணை வீட்டில குந்தியிருந்து சாப்பிட ஏலாது. லொறியைக் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்பதுதான் அவருடைய செய்தி.

அப்பா அன்றே லொறியைக் கழுவினார். பள்ளிக்கூடம் நடக்காத நாட்கள் அவை. நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். வெறும் லொறி வீதியில் துள்ளித் துள்ளிப் போனது, பின்னால் பலகைகள் அடித்துக்கொண்டன. பாலத்தடியில் ஓர் இளம் ஆமிக்காரர் கையைக் காட்டி மறித்தார். கதவுக்கு முன்னால் வந்து நின்று எண்ணைப் பார்த்தார். திரும்பிப் பலகையைப் பார்த்தார்.

"இது எட்டு. உங்கட பத்து. ஏலாது."

"வெறும் லொறி தம்பி. ஒரு சாமானும் இல்லை. பின்னால ஏறிப் பாருங்கோ" என்றார் அப்பா.

ஆமிக்காரர் ஏறிப் பார்த்தார். பலகை இடுக்கில் நாலைந்து ஒடியல் துண்டு மட்டும் கிடந்தன. இறங்கி வந்து, "வெறும்தான். ஆனா பத்து" என்றார்.

அப்பா விடவில்லை. உள்ளேயிருந்து அவர்களுக்குப் பொறுப்பான பெரியவர் வந்தார். அவருக்கு நன்றாகத் தமிழ் வந்தது. லொறியைச் சுற்றி நடந்து டயரை உதைத்துப் பார்த்தார், வில்லைக் குனிந்து பார்த்தார். அவருக்கே ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"உண்மையாகவே இது பத்துத் தொன் லொறியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இப்போதும் என் காதில் கேட்கிறது. எவ்வளவு நல்ல கேள்வி! இல்லை சேர், ஆறுதான், ஒரு பெருமைக்கு எழுதினது என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே எட்டிக் கதவு எண்ணைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம் சேர். பத்துத்தான். எங்கட பக்கத்தில இதைவிடப் பெரிய லொறி இல்லை."

"நல்ல லொறி. திருப்புங்கோ" என்றார் பெரியவர்.

நாங்கள் திருப்பிக்கொண்டு நிற்கும்போதே எங்களைக் கடந்து ஒரு சின்ன யப்பான் லொறி போனது. மீன் வியாபாரம் செய்கிற சம்மாட்டியாருடையது. முன்கண்ணாடியில் அந்தோனியார் படம், பின்னால் ஐஸ் பெட்டிகள், கதவில் மூன்றரைத் தொன் என்று மங்கிய எழுத்து. பெருநிலத்துக் கரையில் இருக்கிற விடத்தல்தீவில் மீன் எடுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாலம் கடந்து போய்வருவார். ஆமிக்காரர் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சம்மாட்டியார் எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "பாலம் சின்னன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அடுத்த நாள் சம்மாட்டியார் எங்கள் வேலிப் படலையடியில் லொறியை நிறுத்தினார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்தார். "அண்ணை, நான் சும்மா அங்கால போய் வாறனான்தானே. ஒரு நாளைக்கு ஐஸ் பெட்டியை இறக்கி வச்சிட்டுப் போறன். தங்கச்சியின்ர சாமானை ஒரே தரத்தில ஏத்தியந்து போடலாம்" என்றார்.

"மீன் தண்ணி பட்டா மிஷின் துருப்பிடிக்கும்" என்றார் அப்பா.

"நல்லாக் கழுவி, வைக்கோல் விரிச்சுச் சாக்குப் போட்டு ஏத்துறன் அண்ணை. பூப்போலக் கொண்டந்து தாறன்."

"உமக்கேன் சிரமம். நான் ஒழுங்கு பண்ணுறன்" என்று சொன்ன அப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஒரு உதவி செய்யும். தங்கச்சியைக் கண்டாச் சொல்லும், சாமான் ஒண்டையும் ஆரிட்டயும் குடுத்துவிட வேண்டாமெண்டு. நான் லொறியோட வாறன்."

தன்னிடம் சாமானைக் கொடுக்க வேண்டாம் என்ற செய்தியைத் தானே கொண்டுபோக வேண்டிய அந்த மனிதர், தலையைச் சொறிந்தார். "சரி அண்ணை, சொல்லிவிடுறன்" என்றார். ஒரு சொல்லும் குறையாமல் சொல்லியும் விட்டார், பாவி.

சம்மாட்டியார் போனதும் அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். "என்ன கதை கதைச்சனீங்கள்? அந்த மனுசன் வலிய வந்து கேட்டது."

"என்ர தங்கச்சியின்ர சாமான் மீன் பெட்டியில வாறதோ? நான் லொறி வச்சிருக்கிறன். ஊர் என்னெண்டு கதைக்கும்?"

"ஊரில சனமே இல்லையாம். ஆர் கதைக்கப் போயினம்?"

அப்பா எழும்பி லொறியைத் துடைக்கப் போனார். ஒரு கேள்விக்காக மனத்தை மாற்றிக்கொள்கிற ஆளா அவர்?

அம்மாவிடம் ஒரு யோசனை இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்பளம். உப்பளத்து வாயிலில் லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கிற தராசு மேடை ஒன்று இருந்தது. அதில் லொறியை எடை பார்த்து, அதை எழுதி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் காட்டச் சொன்னார். இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் உண்டா? அப்பா மாட்டேன் என்றுவிட்டார். ஏனென்று கேட்டீர்களா? தராசுக்காரர் மில் முதலாளியின் மச்சானாம். பத்துத் தொன் பொய் என்று மில்லுக்குத் தெரிந்துவிடுமாம். அந்த மில் பாலம் உடைந்த நாளிலிருந்து பூட்டிக்கிடந்தது. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். பூட்டிய மில்லுக்கு முன்னால் மானம் போய்விடும் என்று என் அப்பா பயந்தார். இதை நினைக்கும்போது இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினார். எல்லாம் என் மூலமாகத்தான் நடந்தது. "கொப்பாவிட்டச் சொல்லு, சாப்பாடு போட்டாச்செண்டு." "கொப்பாவிட்டக் கேள், தங்கச்சி உயிரோட வரவேணுமோ வேண்டாமோ எண்டு." இரண்டாவதை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அம்மா அதை அப்பாவுக்கு முன்னால் நின்றுதான் சொன்னார்.

ஒருவழியாக அப்பா இறங்கி வந்தார். அதிலும் பாதிவழிதான். தராசுக்குப் போகமாட்டார், ஆனால் எண்ணை மாற்றி எழுதுவார். எழுத்துக்காரர் இடம்பெயர்ந்து போய்விட்டதால் தானே தூரிகையைப் பிடித்தார். பத்தைச் சுரண்டினார். சிவப்புக் கரை போகவே இல்லை. அதன் மேல் ஆறு என்று எழுதினார். அது பூசணிக்காய்போல ஊதி ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. "காயட்டும். ரெண்டு நாள் போகட்டும். புழுதி அடிச்சுப் பழசாக்கிக் கொண்டுபோகலாம்" என்றார் அம்மா, கோபத்தை மறந்து நேராகவே. அப்பாவுக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் வராத அவசரம். அன்று பின்னேரமே லொறியை எடுத்தார்.

அதே இளம் ஆமிக்காரர்தான் நின்றார். எண்ணைப் பார்த்தார். கிட்ட வந்து விரலால் தொட்டார். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. விரலை அப்பாவின் முகத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். நான் ஆசனத்துக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன்.

பெரியவர் வந்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை. "அண்டைக்குப் பத்து. இண்டைக்கு ஆறு. நாளைக்கு என்ன எழுதிக்கொண்டு வருவீங்கள்?" என்று கேட்டார்.

"சேர், முதல் இருந்ததுதான் பொய். இதுதான் உண்மை" என்றார் அப்பா. அவர் வாயால் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். யார் நம்புவார்கள்? ஈரம் காயாத உண்மை. எதையோ ஒளித்துக் கடத்தப் போகிறார் என்று நினைத்தார்கள். என்னை நிழலில் இருத்தி விசுக்கோத்து ஒன்று தந்தார்கள். லொறியின் தளப் பலகைகளைக் கழற்றினார்கள். ஆசனத்தைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து தேங்காய்த் தும்புதான் வந்தது. பொழுது சாயும்போது விட்டார்கள். இந்த இலக்கத் தகட்டை இனிப் பாலத்துப் பக்கம் காணக் கூடாது என்றார் பெரியவர். அப்பா பலகைகளைத் தானே பொறுக்கிப் பின்னால் போட்டார்.

கொடுக்க வேண்டாம் என்ற சொல்லை அதற்குப் பிறகும் அப்பா மாற்றிச் சொல்லியனுப்பவில்லை, அங்கே மாமி தமையனின் அந்தச் சொல்லைத் தட்டாமல் காத்திருந்தார். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. மிஷினுக்கு எண்ணெய் விட்டு, சாக்குச் சுற்றி, வார்ப்பிரும்புக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிப் படலையடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். சம்மாட்டியார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த வீதியால் மீன் ஏற்றப் போகும்போது, "தங்கச்சி, ஏத்துவமோ?" என்று கேட்பாராம். "வேண்டாம் அண்ணை, எங்கட அண்ணை வாறார்" என்று சொல்லி அனுப்புவாராம். மழை வந்தால் மிஷினைத் தாழ்வாரத்துக்கு இழுப்பதும் மழை விட்டால் திரும்பப் படலையடிக்கு இழுப்பதுமாக அந்த மனுசி தனியே அல்லாடியிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் பெருநிலத்தில் சண்டை மூண்டது. பாலத்தை மூடப்போகிறார்கள் என்று கதை பரவியது. மத்தியானம் போலச் சம்மாட்டியாரின் லொறி எங்கள் கோயில் வளவுக்குள் வந்து நின்றது. ஐஸ் பெட்டி ஒன்றும் இல்லை. முழுக்கச் சனம். இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைகள், மூட்டைகள், ஒரு கிழவனைக் கதிரையோடு இறக்கினார்கள். அந்தச் சின்ன லொறியின் வில் மல்லாந்து போயிருந்தது. அப்படி நிறைந்துவந்த அது எங்கள் வெறும் லொறியைவிட எவ்வளவோ பாரமாக இருந்திருக்கும். ஆனால் கதவில் மூன்றரை என்று எழுதியிருந்தது. பாலம் அதை விட்டது.

கடைசியாக மாமி இறங்கினார். தோளில் ஒரு துணிப் பை. மார்போடு அணைத்தபடி மிஷினின் லாச்சி. லாச்சி மட்டும்.

"மிஷின் எங்க பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஏத்தினவை அண்ணை. பிறகு ஒரு பொம்பிளை கைக்குழந்தையும் ரெண்டு பிள்ளையளுமா ஓடி வந்தவ. கால் வைக்க இடமில்லை. நான்தான் இறக்கச் சொன்னனான்."

அப்பா கேட்டார் பாருங்கள் அடுத்த கேள்வி, இத்தனை வருடமாக நான் மென்று விழுங்க முடியாமல் வைத்திருக்கிற கேள்வி: "அது சரி, இவர் இவ்வளவு நாளும் லொறியோட வந்து போனவர்தானே. முதலே குடுத்து விட்டிருக்கலாமே?"

மாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கள்தானே அண்ணை குடுக்க வேண்டாமெண்டு சொல்லிவிட்டனீங்கள்."

சம்மாட்டியார் சட்டென்று லொறியின் பின் பலகையைப் பூட்டப் போனார். அம்மா மாமியின் பையை வாங்கிக்கொண்டார். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. நான் திட்டியிருப்பேன், சின்னப்பிள்ளை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பாலம் அன்று மூடியது. திறந்தபோது பாப்பாமோட்டையில் மாமியின் வீட்டுக்குக் கூரையும் இல்லை, படலையும் இல்லை. படலையடியில் இருந்ததை யார் எடுத்தார்கள் என்று யாரைக் கேட்பது?

மாமி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். எதைச் சொல்லிப் பயந்தாரோ அதுவே நடந்தது. கையால் தைத்தார். கிழிந்ததை ஒட்டுவது, பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. சட்டை தைக்க யாரும் கொடுப்பதில்லை. மிஷின் வைத்திருப்பவர்கள் தீவில் இருந்தார்கள். இன்னொரு மிஷின் வாங்க அந்த நாளில் எங்கே போவது? என்னுடைய வெள்ளைப் பள்ளிச் சட்டையை முழுக்கக் கையால் தைத்துத் தந்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊசி கையில் ஓடும்போது அவருடைய கால்கள் நிலத்தை மிதித்துக்கொண்டே இருந்தன. குதிகால் தாழ, விரல் எழ, குதி தாழ. அவருக்கே அது தெரியாது. அப்பா அந்தக் கால்களைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியில் போவார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

லொறி வேலியோரமே நின்றது. உப்புக் காற்று அதைத் தின்றது. எஞ்சின் இறுகியது. பக்கப் பலகைகள் அடுப்புக்குப் போயின. இங்கிலாந்து இரும்பை நான் கையால் பிய்த்தெடுத்திருக்கிறேன், அப்பளம்போல உதிரும். பெயின்ட் போகப்போக, பூசணிக்காய் ஆறுக்குக் கீழே பழைய பத்து மெல்ல எழும்பி வந்தது.

சண்டை முடியவில்லை, நான் கல்யாணம் முடித்துவிட்டேன். அப்போதுதான் பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் வந்தார். நிறுத்துத்தான் எடுப்பேன் என்றார். நிறுப்பதென்றால் உப்பளத்துத் தராசுதான். அம்மா தேத்தண்ணி போடப் போனார். ஒரு உழவு இயந்திரத்தைப் பிடித்து லொறியைக் கட்டி இழுத்தார்கள். அப்பா கூடவே நடந்தார். "நானும் வாறன்" என்று மாமியும் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் போனேன்.

எத்தனையோ வருடமாக ஏறாத தராசு மேடையில் லொறி ஏறி நின்றது. தராசுக்காரர் புதியவர், இளம் பொடியன். மில் முதலாளிக்கு ஓர் உறவும் இல்லாதவன். தராசுக் கோலில் எடைக்குண்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "மூண்டு தொன்னுக்குக் கொஞ்சம் குறையுது ஐயா" என்றான்.

இரும்புக்காரர் தலையை ஆட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். மூன்று தொன். மாமியின் மிஷினும் அலுமாரியும் கட்டிலும் மாமியும் ஏறியிருந்தாலும் நாலைத் தாண்டியிருக்காது. எட்டுத் தொன் பாலம்.

"வடிவாப் பார் தம்பி" என்றார் அப்பா. "பின்பக்கத்து வெளி டயர் ரெண்டும் இல்லை. பலகை இல்லை. பற்றரியும் கழட்டினது. அதுகள் எல்லாம் இருந்தா எவ்வளவு வரும் தெரியுமோ?"

கிழவனாகியும் விடவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல வந்தது. மாமி என்னை முந்திக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"டயரையும் ஏத்துங்கோ அண்ணை. பலகையையும் ஏத்துங்கோ. என்ர மிஷினையும் ஏத்துங்கோ. ஏத்திப்போட்டு எட்டு வருதோ எண்டு பாருங்கோ."

அப்பா கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கை பத்தின் மேலா ஆறின் மேலா இருந்தது என்று தெரியவில்லை. தராசுப் பொடியனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவன் பேனையைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு மாமியிடம் கேட்டான்:

"மிஷின் ஒண்டும் இருக்கோ அம்மா? அதையும் இரும்புக்குப் போடுறீங்களோ?"

மாமி தராசு மேடையின் ஓரத்தில் குடையைப் பிடித்தபடி நின்றார். அவருடைய கால் அந்த இரும்புத் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது. குதி தாழ, விரல் எழ. இந்த முறை அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.